1540க்கு எதிரே 1975: சதுரங்கக் கேள்வி பதில்

போன இதழில் ரேட்டிங், அதாவது விளையாடிய ஆட்டங்களை வைத்து ஒருவரின் பலத்துக்குப் போடும் எண், அந்தக் கணக்கைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். அதனாலோ என்னவோ, இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. தன்னைவிட ரேட்டிங் கூடியவரோ குறைந்தவரோ எதிரே உட்கார்ந்தால் எப்படி விளையாடுவது? வெள்ளவத்தைத் தகப்பன் ஒருவருக்கு எழுதிய பதில் கொஞ்சம் நீண்டுவிட்டது. அதை வாசிக்கும்போது பலகையையும் காய்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர், நான் போகிற ஒவ்வொரு போட்டியிலும் முதல் சுற்றிலேயே எனக்குப் பெரிய ரேட்டிங்காரர்தான் வருகிறார். ஒருமுறைகூட என்னைப் போன்ற ஒரு ஆள் வந்ததில்லை. பெயர்களை எப்படிப் போடுகிறார்கள்? – ஒரு மாணவி, கொட்டாஞ்சேனை

யாரும் வேண்டுமென்று போடுவதில்லை, மகள். நமது போட்டிகளில் பெரும்பாலானவை சுவிஸ் முறையில் நடக்கின்றன. 1895இல் சூரிச் நகரத்துப் போட்டி ஒன்றில் தொடங்கியதால் அந்தப் பெயர். எல்லாப் பெயர்களையும் ரேட்டிங் வரிசையில் அடுக்கி, நடுவில் இரண்டாகப் பிரிப்பார்கள். 60 பேர் வந்திருந்தால் 1ஆம் ஆள் 31ஆம் ஆளோடு, 2ஆம் ஆள் 32ஆம் ஆளோடு. நீங்கள் 45ஆவது என்றால் 15ஆவது ஆள் உங்களுக்கு. கீழ்ப்பாதியில் இருக்கிற எல்லோருக்கும் முதல் சுற்றில் இதுதான் நடக்கும். அடுத்த சுற்றிலிருந்து ஒரே புள்ளி எடுத்தவர்கள் தங்களுக்குள் மோதுவார்கள். தோற்றாலும் கடைசிச் சுற்று வரை விளையாடலாம். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இன்னொன்றும் சொல்கிறேன். நடுவராக மண்டபத்தைச் சுற்றி வரும்போது நான் அடிக்கடி காண்பது இது. பெரிய ரேட்டிங்காரர்கள் முதல் சுற்றில்தான் அசட்டையாக இருப்பார்கள். காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் வந்து இறங்கி, மணிக்கூடு ஓடத் தொடங்கிய பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார்கள். முதல் பத்து நகர்வையும் யோசிக்காமல் ஆடுவார்கள். நீங்கள் கால் மணி நேரம் முந்தியே வந்து, தண்ணீர் குடித்து, நிதானமாக உட்கார்ந்திருந்தால் அது உங்களுக்கு லாபம்.

அன்புள்ள டீச்சர், என் மகன் ஆண்டு 9இல் படிக்கிறார். ரேட்டிங் 1540. கொழும்பில் நடந்த ஒரு வார இறுதிப் போட்டியில் நாலாவது சுற்றில் 1975 ரேட்டிங் உள்ள பெரியவர் ஒருவரோடு கறுப்புக் காயில் விளையாடினார். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்து, கடைசியில் ஒரே ஒரு சிப்பாய்தான் வித்தியாசம். "சமநிலை வந்துவிட்டது" என்று நான் வெளியே நின்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோட்டைகளை மாற்றிக்கொண்டார், தோற்றுவிட்டார். "காய் குறையக் குறைய சமநிலைக்குக் கிட்டப் போகலாம் என்று நினைத்தேன்" என்கிறார். இப்போது சுற்றுப் பட்டியல் ஒட்டியதும் எதிராளியின் ரேட்டிங்கைத்தான் முதலில் பார்க்கிறார், முகம் வாடிவிடுகிறது. இனிமேல் 1600க்குக் கீழ்ப்பட்ட பிரிவுகளுக்கு மட்டும் அனுப்பட்டுமா? நகர்வுத் தாளின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன். – ஒரு தகப்பன், வெள்ளவத்தை

தாளைப் பலகையில் வைத்து முழுவதும் ஆடிப் பார்த்தேன். தம்பி நன்றாக விளையாடியிருக்கிறார். அதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். 1975 ரேட்டிங் உள்ள ஒருவர் மூன்று மணி நேரம் முயன்றும் அவரிடமிருந்து ஒரு சிப்பாய்க்கு மேல் எடுக்க முடியவில்லை.

இப்போது அந்தக் கடைசி நிலையைப் பலகையில் அடுக்குங்கள். எழுத்து என்றால் வெள்ளைக்கு இடமிருந்து ஏ முதல் எச் வரை நெடுக்கு வரிசை, எண் என்றால் வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை குறுக்கு வரிசை. வெள்ளை ராஜா ஈ5, சிப்பாய் ஈ4, கோட்டை டி1. கறுப்பு ராஜா ஈ8, கோட்டை ஏ6. வெள்ளை நகர்த்த வேண்டும்.

தம்பியின் கோட்டை சரியான இடத்தில் நிற்கிறது. யாரோ அவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ஃபிலிடோர் என்பவர் காட்டிய தற்காப்பு இது. அவர் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த சதுரங்க வீரர், இசையமைப்பாளரும்கூட. கறுப்புக் கோட்டை ஆறாவது வரிசையில் நிற்கும் வரை வெள்ளை ராஜா அந்த வரிசைக்கு ஏற முடியாது. பி6, சி6, மறுபடி ஏ6 என்று அந்த வரிசையிலேயே நகர்த்திக்கொண்டிருந்தால் போதும். சிப்பாய் ஈ6 வரை வந்துவிட்டால் மட்டும் கோட்டையை முதலாம் வரிசைக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் கொடுக்க வேண்டும். வெள்ளை ராஜாவுக்கு ஒதுங்க இடம் இருக்காது. இந்த ஆட்டம் சமநிலை. உலக சம்பியன் வெள்ளையில் உட்கார்ந்தாலும் சமநிலை.

எதிராளிக்கும் இது தெரியும். அதனால்தான் கோட்டையை டி6க்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அந்தக் கோட்டைக்கு ராஜா காவல். ஏ6இல் இருக்கும் கறுப்புக் கோட்டைக்குக் காவல் இல்லை. "வெட்டுகிறாயா, விலகுகிறாயா?" என்று கேட்கிற நகர்வு. தம்பி வெட்டினார், வெள்ளை ராஜா டி6இல் திருப்பி வெட்டியது. ஆட்டம் முடிந்தது அந்த இடத்தில்தான். சிப்பாய் ஈ4இல் இருக்கும்போது வெள்ளை ராஜா டி6, ஈ6, எஃப்6 ஆகிய மூன்றில் ஒன்றைப் பிடித்துவிட்டால், யார் நகர்த்துகிற முறையாக இருந்தாலும் சிப்பாய் ராணியாகிவிடும். மூன்று மணி நேரமாக ராஜாவை ஆறாவது வரிசைக்கு விடாமல் வைத்திருந்தவர், தன் கையாலேயே வழி விட்டுவிட்டார்.

அவர் என்ன செய்திருக்கலாம்? கோட்டையை ஏ5க்கு இறக்கி, செக். நடுவில் ஒரு காயும் இல்லை. வெள்ளை அந்த செக்கைக் கோட்டையால் டி5இல் மறைத்தால், அப்போது தாராளமாக வெட்டலாம். ராஜா டி5இல் திருப்பி வெட்டினாலும் சரி, சிப்பாய் வெட்டினாலும் சரி, கறுப்பு ராஜா டி7க்கு வந்து நேரெதிரே நின்றுவிடும். அது தெளிவான சமநிலை. மறைக்காமல் வெள்ளை ராஜா ஈ6க்கு ஏறினால் கறுப்பு ராஜா எஃப்8க்கு ஒதுங்கிக்கொள்ளலாம். சிப்பாய் இன்னும் நாலாவது வரிசையில்தான் கிடக்கிறது, தற்காப்புக்கு நேரம் உண்டு.

கவனித்தீர்களா? அதே இரண்டு கோட்டைகள், அதே மாற்று. டி6இல் மாற்றினால் தோல்வி, ஒரு வரிசை கீழே டி5இல் மாற்றினால் சமநிலை. "காய் குறைந்தால் சமநிலைக்குக் கிட்ட" என்ற கணக்கு எங்கே உடைகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்குத் தெரியாது. தம்பியை இந்த இரண்டு நிலையையும் உங்களோடு மாறி மாறி விளையாடச் சொல்லுங்கள். நீங்கள் வெள்ளையாக இருங்கள். விதி நன்றாகத் தெரிந்தால் போதும், உங்களுக்கு ரேட்டிங் தேவையில்லை.

தாளில் இன்னும் இரண்டு விஷயம் கண்டேன். தம்பி ஒவ்வொரு நகர்வுக்குப் பக்கத்திலும் மிச்ச நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறார், மிக நல்ல பழக்கம். அந்தக் கோட்டையை வெட்டும்போது அவரிடம் 14 நிமிடம் இருந்தது. வெட்டி முடித்த பிறகும் 14 நிமிடம் இருந்தது. யோசிக்கவே இல்லை. கோட்டை மாறினால் தப்பித்தோம் என்று மனம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது.

மற்றது, இந்தக் காய் மாற்றம் ஆட்டத்தின் கடைசியில் திடீரென்று வந்ததில்லை. 11ஆம் நகர்வில் ராணியை மாற்றக் கேட்டவர் தம்பி. 17இல் குதிரையை மாற்றியவர் தம்பி. 23இல் மந்திரிக்கு மந்திரி, அதுவும் தம்பி. ஒவ்வொரு முறையும் எதிராளியின் காய் திருப்பி வெட்டும் சாக்கில் ஒரு நல்ல கட்டத்துக்கு வந்து உட்காருகிறது. 23ஆம் நகர்வுக்குப் பிறகுதான் அந்த ஒரு சிப்பாய் போனது. ராணி மாறுவதற்கு முன்னால் கறுப்பின் நிலை வெள்ளையைவிட ஒரு துளியும் மோசமில்லை. சொல்லப்போனால் நான் கறுப்பில் உட்காரவே விரும்பியிருப்பேன். எதிரே 1550 ரேட்டிங் உள்ள ஒரு வகுப்புத் தோழன் இருந்திருந்தால் தம்பி ராணியை மாற்றியிருப்பாரா? அவரிடமே கேளுங்கள்.

இது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்வது என்று அவர் நினைக்க வேண்டாம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சம்பியன் போட்டியின் 14ஆவது, கடைசி ஆட்டம். இந்தியாவின் குகேஷும் அப்போதைய சம்பியனான சீனாவின் டிங் லிரெனும் ஆளுக்கு ஆறரைப் புள்ளி. ரேட்டிங்கில் குகேஷ் ஐம்பது புள்ளிக்கு மேல் கூட. டிங்குக்கு வெள்ளைக் காய். ஆளுக்கு ஒரு கோட்டை, ஒரு மந்திரி, குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். பார்த்துக்கொண்டிருந்த பெரிய வீரர்கள் எல்லோரும் சமநிலை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 55ஆவது நகர்வில் டிங் கோட்டையை எஃப்2இல் வைத்து, மாற்றிக்கொள்ளலாம் என்றார். அவருடைய மந்திரி அந்த நேரத்தில் ஏ8 மூலையில் நின்றது. குகேஷ் கோட்டையை வெட்டினார். அடுத்த நகர்வில் தன் மந்திரியை டி5இல் வைத்தார். மூலையில் நின்ற மந்திரிக்கு விலக இடமில்லை, அதையும் மாற்றியே ஆக வேண்டும். மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும், அதில் ஒரு சிப்பாய் குறைவு. 58ஆவது நகர்வோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். 18 வயதில் குகேஷ் உலக சம்பியன் ஆனார். கோட்டை பலகையில் இருந்திருந்தால் அந்த ஆட்டம் சமநிலையில் முடிந்து, மறுநாள் விரைவு ஆட்டங்களுக்குப் போயிருக்கும்.

ஆகவே தம்பிக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு காயை மாற்றுவதற்கு முன், அந்த இரண்டு காயையும் மனதில் பலகையை விட்டு எடுத்துவிட்டு, மிஞ்சுவதைப் பார்க்க வேண்டும். ராஜாக்கள் எங்கே நிற்கின்றன, அடுத்து யார் நகர்த்துகிறார், எந்தச் சிப்பாய் ஓடும். எதிராளியின் ரேட்டிங் அந்தப் படத்தில் எங்கேயும் வராது.

சரி, ரேட்டிங்குக்கு வருவோம். இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் அர்பாத் ஈலோ, ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பௌதிகப் பேராசிரியர். சர்வதேச சதுரங்க சம்மேளனமான ஃபிடே 1970இல் இதை ஏற்றுக்கொண்டது. இருவருக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஆளுக்கு எவ்வளவு புள்ளி எதிர்பார்க்கலாம் என்று அது சொல்கிறது. 100 புள்ளி கூடியவருக்கு 0.64, 200 கூடியவருக்கு 0.76. தம்பியின் ஆட்டத்தில் வித்தியாசம் 435. இந்த மட்டத்தில் 400க்கு மேல் எவ்வளவு இருந்தாலும் 400 என்றே எடுப்பார்கள். அப்போது பெரியவரிடம் எதிர்பார்ப்பது 0.92, தம்பியிடம் 0.08.

வென்றால் 1 புள்ளி, சமநிலைக்கு அரை. எடுத்த புள்ளிக்கும் எதிர்பார்த்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை ஓர் எண்ணால் பெருக்கி ரேட்டிங்கில் கூட்டுவார்கள், அல்லது கழிப்பார்கள். 18 வயதுக்குக் கீழ், 2300க்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு அந்தப் பெருக்கும் எண் 40. ஆகவே தோற்றதால் தம்பி இழந்தது 40 தடவை 0.08, அதாவது 3.2 புள்ளி. அவ்வளவுதான். சமநிலை செய்திருந்தால் 16.8 கூடியிருக்கும். வென்றிருந்தால் 36.8. எதிரே இருந்தவரின் பெருக்கும் எண் 20. வென்றதில் அவருக்குக் கிடைத்தது 1.6. சமநிலையானால் 8.4 போயிருக்கும், தோற்றால் 18.4. இந்த எண்களை ஒரு தாளில் எழுதித் தம்பியின் மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். அன்று அந்தப் பலகையில் பறிகொடுக்க நிறைய இருந்தது யாரிடம் என்று அவரே பார்த்துக்கொள்வார்.

1600க்குக் கீழ்ப்பட்ட பிரிவுக்கு மட்டும் அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஒன்றிரண்டு முறை பரிசு வாங்கி உற்சாகம் வர அது நல்லது, அனுப்புங்கள். ஆனால் ரேட்டிங் எல்லை இல்லாத திறந்த பிரிவை விட்டுவிடாதீர்கள். டி6 கோட்டை போன்ற ஒரு நகர்வை 1500 ரேட்டிங் உள்ள ஒருவர் அவருக்குக் காட்டியிருக்கமாட்டார். ஆட்டம் முடிந்ததும் எதிராளியிடம் போய், "ஐயா, ஐந்து நிமிடம் பார்க்கலாமா?" என்று கேட்கப் பழக்குங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாக உட்கார்ந்து காட்டுவார்கள். மண்டபத்துக்கு வெளியே, படிக்கட்டில் பலகையை விரித்து, இருபது வயது வித்தியாசத்தில் இரண்டு பேர் ஒரே நிலையைத் தலை குனிந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டால் எனக்கு அன்றைய களைப்பெல்லாம் போய்விடும்.

ரேட்டிங் கூடியவரிடம் நாம் சமநிலை கேட்பது மரியாதைக் குறைவா, டீச்சர்? – உயர்தர மாணவன், பம்பலப்பிட்டி

இல்லை. ஆனால் முறையாகக் கேட்க வேண்டும். முதலில் உங்கள் நகர்வைச் செய்யுங்கள், பிறகு கேளுங்கள், அதன் பிறகு மணிக்கூட்டை அழுத்துங்கள். கேட்டதைத் தாளில் சமக்குறியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்டதைத் திரும்ப வாங்க முடியாது. அவர் வாயால் மறுத்தாலோ, நகர்த்துவதற்காகக் காயைத் தொட்டாலோ அது செல்லாது. ஐந்து நகர்வுக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருப்பதுதான் மரியாதைக் குறைவு. அது தொந்தரவு என்று நடுவர் எச்சரிக்கலாம். சில போட்டிகளில் 30 நகர்வுக்கு முன் சமநிலை பேசக் கூடாது என்று விதி வைத்திருப்பார்கள், தொடங்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேட்பதற்கு முன் உங்களிடமே ஒரு கேள்வி: நிலை சமமாக இருப்பதால் கேட்கிறேனா, பயத்தால் கேட்கிறேனா? பயத்தால் என்றால் இன்னும் இரண்டு நிமிடம் பலகையைப் பாருங்கள். அதோடு, பெரிய ரேட்டிங்காரர் தானாக உங்களிடம் சமநிலை கேட்டால் உடனே கை நீட்டிவிடாதீர்கள். தன் நிலை அவருக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம்.

என் ரேட்டிங் 1900ஐச் சுற்றி நிற்கிறது. வேலைக்குப் போகிறேன், சனி ஞாயிறில்தான் விளையாட முடிகிறது. ரேட்டிங் 1500, 1600 உள்ள பள்ளிப் பிள்ளைகளிடம் தொடர்ந்து புள்ளி பறிகொடுக்கிறேன். அவர்களுடைய ரேட்டிங் உண்மையானதா என்றே சந்தேகமாக இருக்கிறது. – ஒரு வாசகர், தெஹிவளை

உங்கள் சந்தேகத்தில் நியாயம் உண்டு, ஆனால் பிள்ளைகள் மீது குறையில்லை. ரேட்டிங் நேற்று வரை விளையாடிய ஆட்டங்களின் கணக்கு. பெரியவர் ஒருவருக்கு நேற்றும் இன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை பாடசாலை விடுமுறை ஒன்றிலேயே வேறு ஆளாக மாறிவிடும். தினமும் வீட்டில் கணினியில் விளையாடுகிறது, பயிற்சி செய்கிறது, ஆனால் ரேட்டிங் போட்டி கிடைப்பது எப்போதாவதுதான். கணக்கு பின்னாலேயே ஓடி வருகிறது. பிள்ளைகளுக்குப் பெருக்கும் எண்ணை 40 என்று வைத்திருப்பதே இதற்காகத்தான்.

கீழ் மட்ட ரேட்டிங்குகள் உண்மைப் பலத்தைவிடக் குறைந்து போயிருப்பதை ஃபிடேயும் ஒப்புக்கொண்டது. 2024 மார்ச்சில் 2000க்குக் கீழ் இருந்த எல்லோருக்கும், 2000க்கு எவ்வளவு குறைவோ அதில் நூற்றுக்கு 40 பங்கைக் கூட்டிக் கொடுத்தது. 1500 இருந்தவருக்கு 1700 ஆனது. மிகக் குறைந்த ரேட்டிங்கையும் 1000இலிருந்து 1400க்கு உயர்த்தியது.

மேல் மட்டத்திலும் இதே கதைதான். 2023இல் பாகு நகரில் நடந்த உலகக் கிண்ணத்தில் பிரக்ஞானந்தா உலகின் இரண்டாம், மூன்றாம் இடங்களில் இருந்த நகமுராவையும் கருவானாவையும் வெளியேற்றி இறுதி ஆட்டம் வரை போனார். அப்போது அவருக்கு வயது 18. இறுதியில் உலகின் முதலிடத்தில் இருந்த கார்ல்சனிடம் தோற்றார், அதுவும் இரண்டு சமநிலைக்குப் பிறகு விரைவு ஆட்டத்தில். அவரை வெறும் எண்ணாகப் பார்த்து உட்கார்ந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று அந்தக் கிண்ணத்தின் பட்டியல் சொல்லும்.

உங்கள் ஆட்டத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய இரண்டு தாளிலும் நான் கண்டது அவசரம். எதிரே இருக்கும் பிள்ளை பத்து வினாடியில் நகர்த்துகிறது, நீங்களும் பத்து வினாடியில் நகர்த்துகிறீர்கள். உங்கள் ஒரு மணி நேரம் அப்படியே மணிக்கூட்டில் கிடக்கிறது. பதினைந்து நகர்வுக்குள் வென்றுவிட வேண்டும் என்று குதிரையைப் பலி கொடுத்துத் தாக்குகிறீர்கள். அந்த மாதிரித் தாக்குதலைக் கணக்கிடுவதில் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், அதைத்தான் தினமும் பயிற்சி செய்கிறார்கள். அவர்களுக்குப் பிடிக்காதது நீண்ட, அமைதியான ஆட்டம். ராணியை மாற்றிவிட்டு, ஒரு சின்ன அனுகூலத்தை வைத்துக்கொண்டு நாற்பது நகர்வு உட்கார்ந்திருங்கள். மேலே நான் எழுதிய கோட்டை இறுதியாட்டத்தை நன்றாகப் படித்துவிட்டுப் போங்கள், இரு பக்கத்திலிருந்தும். காய்களை மாற்ற வேண்டாம் என்று தம்பிக்குச் சொன்னவள் உங்களுக்கு மாற்றச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். நான் இருவருக்கும் சொல்வது ஒன்றையே: மாற்றிய பிறகு மிஞ்சுவது யாருக்கு நல்லது என்று பார்த்து மாற்றுங்கள்.

தோற்றால் எழுந்து நின்று கை கொடுங்கள். பிள்ளையின் தாய் தகப்பன் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெரியவர் ஒருவர் தோல்வியை எப்படி ஏற்கிறார் என்பதை அந்தப் பிள்ளை மறக்காது.

என் மகள் ஒரு காயைச் சும்மா சரிசெய்யத் தொட்டாளாம். எதிரே இருந்த பெரிய பையன், "தொட்டால் நகர்த்த வேண்டும்" என்று அதட்டி, ராணியை இழக்க வைத்துவிட்டான். ரேட்டிங் கூடியவர் சொன்னால் கேட்கத்தான் வேண்டுமா? – ஒரு தாய், கொழும்பு 13

கேட்கத் தேவையில்லை. இதைத் தீர்மானிக்க வேண்டியவர் நடுவர். விதி எல்லோருக்கும் ஒன்று. நகர்த்தும் எண்ணத்தோடு தொட்டால் அந்தக் காயை நகர்த்த வேண்டும். சரிசெய்வதற்காக என்றால், தொடுவதற்கு முன்பே, தன் முறை வரும்போது, "சரிசெய்கிறேன்" என்று கேட்கும்படி சொல்ல வேண்டும். தொட்ட பிறகு சொன்னால் ஏற்கமாட்டார்கள். ஒரு தகராறு வந்தால் பிள்ளை மணிக்கூட்டை நிறுத்திவிட்டுக் கையை உயர்த்தினால் போதும். எதிராளியோடு வாதாட வேண்டாம், அழவும் வேண்டாம். நடுவர் வருவதற்காகத்தான் அங்கே இருக்கிறார். வெட்கப்பட்டு விட்டுக்கொடுத்துவிட்டு மாலையில் வந்து சொன்னால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். பலகைக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். போனையும் பிள்ளையின் பையில் வைத்து அனுப்பாதீர்கள். விளையாடும் இடத்தில் பிள்ளையிடம் போன் இருப்பது தெரிந்தால் ஆட்டமே தோல்வியாகலாம்.

எனக்கு வயது 67. ஓய்வு பெற்ற எழுதுவினைஞர். சின்ன வயதில் விளையாடியதுண்டு. பேரப்பிள்ளையோடு போட்டிக்குப் போகும்போது எனக்கும் ஆசை வருகிறது. ரேட்டிங் இல்லாதவன் போய் உட்கார்ந்தால் சிரிப்பார்களா? – ஒரு தாத்தா, வெள்ளவத்தை

ஐயா, யாரும் சிரிக்கமாட்டார்கள். திறந்த பிரிவுக்கு வயது எல்லை கிடையாது. பெயரைப் பதியுங்கள். ரேட்டிங் இல்லாதவர்கள் பட்டியலின் அடியில் இருப்பார்கள், அதனால் கொட்டாஞ்சேனை மாணவிக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும். முதல் சுற்றில் பலமான ஒருவர்தான் வருவார்.

ரேட்டிங் உள்ளவர்களோடு ஐந்து ஆட்டம் கணக்கில் சேர்ந்து, பெறுபேறு 1400ஐத் தொட்டால் உங்களுக்கும் ரேட்டிங் வந்துவிடும். முதல் போட்டியில் ஒரு புள்ளியும் எடுக்காவிட்டால் அந்தப் போட்டியைக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்கள். ஆகவே முதல் முறை போவதில் உங்களுக்கு நட்டம் எதுவும் இல்லை.

இரண்டு விஷயம் மட்டும் பழகிக்கொள்ளுங்கள். ஒன்று, நகர்வுகளை எழுதுவது. 90 நிமிடமும் நகர்வுக்கு 30 வினாடியும் தருகிற ஆட்டத்தில் கடைசி வரை எழுத வேண்டும். மூக்குக் கண்ணாடியை மறக்க வேண்டாம். மற்றது, நகர்த்திய கையாலேயே மணிக்கூட்டை அழுத்துவது. அந்தக் காலத்தில் மணிக்கூடு இல்லாமல் விளையாடியவர்கள் அழுத்த மறந்துவிட்டு, எதிராளி யோசிக்கிறார் என்று நினைத்துக் காத்திருப்பார்கள். நடுவரால் சொல்லிக் கொடுக்க முடியாது. பேரப்பிள்ளையை எதிரே உட்கார வைத்து, மணிக்கூட்டோடு நாலைந்து ஆட்டம் ஆடிப் பாருங்கள். பெயரைப் பதிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.